இடிந்த நகரமும் இடியாத நகரமும்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் இருந்தார். பக்தியுள்ள கிறிஸ்தவர். காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, பத்திரிகையை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு படிப்பார். எங்கோ பூகம்பம், எங்கோ பஞ்சம், ஏதோ ஒரு நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது, வேறொரு நாட்டில் நாணயத்தின் மதிப்பு விழுந்துவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விரலை மடக்குவார். கடைசியில் பத்திரிகையை மடித்துக் கொடுத்துவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கிறபடியே நடக்கிறது, சார்" என்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். மனிதர் நல்லவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கதவைத் தட்டுகிறவர் அவர்தான். இருந்தாலும் அந்தத் திருப்தி எனக்குப் பிடிக்கவில்லை. உலகம் அழிவது ஒருவருக்கு எப்படி நல்ல செய்தியாக இருக்க முடியும்?

அதே திண்ணையில் வந்து உட்காருகிற இன்னொரு சிநேகிதர் உண்டு. அவருக்குத் தேசம்தான் தெய்வம். தேசம் ஒரு படி ஏறினால் அவருக்கு ஒரு சுற்றுப் பருமன் கூடும். ஒரு படி இறங்கினால் சாப்பாடு இறங்காது. சில வருஷங்களாக அவர் இறங்கின கணக்கையே எழுதிக்கொண்டிருக்கிறார். "இனிமேல் இங்கே எதற்கும் அர்த்தம் இல்லை" என்கிறார். முதல்வர் நாசத்தைக் கண்டு சந்தோஷப்படுகிறார். இரண்டாமவர் நாசத்தோடு நாசமாகிறார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, பாதி படித்து மூடிவைத்த ஒரு புஸ்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அகஸ்டின் எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற நூல் அது.

அகஸ்டினை எனக்கு அறிமுகப்படுத்தியது அவருடைய இன்னொரு நூலான 'பாவ அறிக்கை'. கல்லூரியில் நான் இருந்த இரண்டு வருஷத்தில் உருப்படியாகப் படித்த சில புஸ்தகங்களில் அது ஒன்று. மனசை இப்படிக் கிழித்துக் காட்ட முடியுமா என்று ஒரு கதாசிரியன் பொறாமைப்படும்படியான எழுத்து. அந்த ருசியில் 'கடவுளின் நகர'த்தை எடுத்தேன். 22 பாகங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆயிரம் பக்கத்துக்கும் மேல். இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் தடவை முடித்தேன். எனக்கு அந்த மதத்தில் பிறப்புரிமை கிடையாது. வாசகன் என்ற உரிமை மட்டும்தான். அந்த உரிமையில் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

புஸ்தகம் பிறந்த கதையை முதலில் சொல்லவேண்டும். 410ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24ஆம் தேதி, அலாரிக் என்ற தலைவனின் கீழ் கோத் இனத்துப் படை ரோமாபுரிக்குள் புகுந்தது. மூன்று நாள் கொள்ளை. சக்கரவர்த்தி அப்போது ரோமில் இல்லை, ராவென்னாவில் இருந்தார். ராணுவக் கணக்கில் பார்த்தால் ரோம் அப்போது தலைநகரமே அல்ல. ஆனால் சுமார் 800 வருஷமாக அந்நியப் படையின் கால் படாத நகரம் அது. அது விழும் என்று அதன் எதிரிகள்கூட நம்பியிருக்கமாட்டார்கள். பெத்லகேமில் வேதத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்த ஜெரோம் செய்தி கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த மார்செல்லா என்ற வயது முதிர்ந்த விதவையைத் தங்கம் எங்கே என்று கேட்டுச் சிப்பாய்கள் அடித்தார்கள். சில நாளில் அந்த அம்மாள் இறந்துபோனார். ஓடிப் பிழைத்தவர்கள் கப்பல் ஏறி ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தார்கள். அங்கே ஹிப்போ என்ற துறைமுகப் பட்டணத்தில் அகஸ்டின் பிஷப்பாக இருந்தார். இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என்று பெயர் சொல்லும் ஊர் அது.

வந்த அகதிகளில் படித்தவர்கள், பரம்பரைச் செல்வர்கள் பலர் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான். "எங்கள் தெய்வங்களுக்குப் பலி கொடுத்த வரையில் ரோம் நின்றது. 391இல் தியடோசியஸ் சக்கரவர்த்தி பலியைத் தடுத்தார். 20 வருஷத்துக்குள் ரோம் விழுந்தது. உங்கள் கிறிஸ்து என்ன செய்துகொண்டிருந்தார்?" கிறிஸ்தவர்களுக்கும் அதே கேள்வி உள்ளுக்குள் இருந்தது, வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான். ரோமில்தான் பேதுருவின் கல்லறையும் பவுலின் கல்லறையும் இருந்தன. மார்செல்லினஸ் என்ற அரசாங்க அதிகாரி இதற்குப் பதில் எழுதும்படி அகஸ்டினைக் கேட்டுக்கொண்டார். 413இல் தொடங்கினார். அதே வருஷம் மார்செல்லினஸ் மீது பொய்யாக ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, கிறிஸ்தவ அரசாங்கமே அவர் தலையை வாங்கிவிட்டது. புஸ்தகத்தை முடிக்க அகஸ்டினுக்குச் சுமார் 13 வருஷம் ஆயிற்று. தொடங்கும்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர், முடிக்கும்போது 72 வயசுக் கிழவர்.

அவருக்கு முன்னால் இரண்டு சுலபமான பதில்கள் இருந்தன. ஒன்று, யுசீபியஸ் முதலானவர்கள் சொல்லிவந்தது: கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்ற சாம்ராஜ்யம் கடவுளுடைய சாம்ராஜ்யமே, ரோமும் கிறிஸ்துவும் ஒரே ரதத்தில் போகிறவர்கள். ரதம் கவிழ்ந்த பிறகு இந்தப் பதில் உதவாது. இன்னொன்று, அகஸ்டினின் தூண்டுதலிலேயே ஒரோசியஸ் என்ற இளைஞர் எழுதின சரித்திரம். முன்காலம் இதைவிட மோசம், இந்தக் கொள்ளை ஒன்றும் பிரமாதமில்லை என்று அவர் சாதித்தார். மார்செல்லாவின் வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா? அகஸ்டின் இந்த இரண்டு பதிலையும் தாண்டிப் போனார். அதனால்தான் நாம் இன்று அவரைப் படிக்கிறோம். ஒரோசியஸைச் சரித்திர மாணவர்கள் மட்டும் படிக்கிறார்கள்.

புஸ்தகம் குறை இல்லாதது அல்ல. முதல் பத்துப் பாகங்களும் எதிர்க்கட்சிக்குப் பதில். வக்கீல் வாதம். ரோமர்களின் தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றிக் கேலி செய்கிறார். ஒரு கதவுக்கு மூன்று தெய்வங்களாம். பலகைக்கு ஒன்று, கீலுக்கு ஒன்று, வாசற்படிக்கு ஒன்று. மனிதனாக இருந்தால் ஒரு காவல்காரன் போதுமே என்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் ஊர் எல்லையில் ஒரு சாமி, ஏரிக்கரையில் ஒரு சாமி என்று பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கேலி பத்துப் பக்கத்துக்கு மேல் ரசிக்கவில்லை. எளிய ஜனங்கள் கீலுக்கும் ஒரு சாமியை வைப்பது, கீல் தேய்கிற பயத்தினால்தான். 'பாவ அறிக்கை' எழுதின மனிதருக்கு இது தெரியாததல்ல. வாதத்தில் ஜெயிக்கவேண்டும் என்று வந்துவிட்டால் பெரிய எழுத்தாளனும் தெரிந்ததை மறந்துவிடுகிறான். அவசரப்படும் வாசகர்கள் முதல் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் படித்துவிட்டு, பதினொன்றாம் பாகத்துக்குத் தாவலாம். பாவம் இல்லை.

முதல் பாகத்தைத் தாண்டக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொள்ளையில் மானபங்கப்பட்ட பெண்களைப் பற்றி அகஸ்டின் அதில் பேசுகிறார். ரோமர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு முன்மாதிரி இருந்தது. லுக்ரீசியா என்ற குலஸ்திரீ பலாத்காரம் செய்யப்பட்டதும் கத்தியால் குத்திக்கொண்டு இறந்தாள். அவளை ரோமே கொண்டாடியது. நம் கதைகளில் இதே இடத்தில் ஊர்க் கிணறு வரும். எத்தனை நாவலாசிரியர்கள் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கதையை முடித்திருக்கிறோம்! அகஸ்டின் அந்தப் பெண்களிடம், நீங்கள் சாகவேண்டியதில்லை என்கிறார். கற்பு மனசைச் சேர்ந்தது. இன்னொருவனுடைய வெறி உங்கள் மேல் செய்ததற்கு உங்களிடம் கறை இல்லை. செய்யாத குற்றத்துக்கு ஏன் ஓர் உயிரை வாங்குகிறீர்கள் என்பது அவர் வாதம். ஐந்தாம் நூற்றாண்டில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் சில பக்கங்கள் தள்ளி, அதே பெண்களிடம், உங்கள் மனசில் கற்பைப் பற்றிய கர்வம் இருந்ததா என்று தேடிப் பாருங்கள் என்றும் சொல்லிவிடுகிறார். அந்தப் பக்கத்தை அவர் எழுதாமல் இருந்திருக்கலாம். காயத்துக்குக் கட்டுப் போட்ட கை, கட்டுக்கு மேலேயே ஒரு தட்டும் தட்டிவிட்டது.

இனி மையக் கருத்துக்கு வருவோம். உலகத்தில் எத்தனையோ ராஜ்யங்கள் இருந்தாலும் உண்மையில் இரண்டு நகரங்கள்தான் உண்டு என்கிறார் அகஸ்டின். தன்னையே விரும்புகிறவர்களின் கூட்டம் ஒன்று. கடவுளை விரும்புகிறவர்களின் கூட்டம் மற்றொன்று. பலர் இதைக் கேட்டவுடன் முதல் நகரம் ரோம், இரண்டாம் நகரம் கிறிஸ்தவச் சபை என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தவறு. இரண்டு கூட்டமும் கடைசி நாள் வரையில் பின்னிக் கிடக்கும் என்கிறார் ஆசிரியர். மாதா கோவிலில் முதல் வரிசையில் மண்டியிடுகிறவன் முதல் நகரத்துப் பிரஜையாக இருக்கலாம். இன்று வெளியே நின்று ஏசுகிறவன் நாளை இரண்டாம் நகரத்தில் குடியேறலாம். ஆகவே எந்த ராஜ்யத்தையும் காட்டி இதுதான் கடவுளின் ராஜ்யம் என்று கொடி ஏற்ற முடியாது. எந்த ராஜ்யம் விழுந்தாலும் கடவுள் விழுந்துவிட்டார் என்று மார்பில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

கடவுளின் நகரத்துப் பிரஜைக்கு அகஸ்டின் வைக்கும் பெயர் 'பெரெக்ரீனஸ்'. தமிழில் இதற்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. பன்யனின் ஆங்கிலக் கதையைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட காவியத்தின் பெயரே 'இரட்சணிய யாத்திரிகம்'. ஆனால் யாத்திரிகன் என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறவன். சத்திரத்துக் கூரை ஒழுகுவது அவன் கவலை அல்ல. அகஸ்டினுடைய காலத்து ரோமச் சட்ட வழக்கில் அந்த வார்த்தை ஓர் ஊரிலே வந்து குடியிருக்கும் அந்நியனைக் குறிக்கும். தமிழ் வேதாகமம் இந்தப் பொருளுக்குப் பரதேசி என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறது. நாம் அதைத் தெருவில் வசவாக்கிவிட்டோம். பரதேசி ஊரில் குடியிருப்பான், வரி கட்டுவான், பொதுக்கிணற்றில் தண்ணீர் சேந்துவான், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவான். உன் ஊர் எது என்று கேட்டால் மட்டும் வேறு பெயர் சொல்லுவான். அவன் குடியிருக்கும் ஊரிலே கிணறு வற்றினால் அவனுக்கும் தாகம்தான்.

இந்த இடம் வரையில் நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். ஐந்தாம் பாகத்தில் ஓர் இடத்தில் புஸ்தகத்தை மூடிவைக்கலாமா என்று தோன்றிவிட்டது. நாலு நாளில் சாகப்போகிற மனிதனுக்கு, தெய்வத்துக்கு விரோதமான காரியத்தைச் செய்யும்படி கட்டாயப்படுத்தாத வரையில், யார் ஆட்சியில் இருந்தால் என்ன என்று கேட்கிறார். நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன. இந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டு எத்தனை தலைமுறை குனிந்து நடந்தது! சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். யார் ஆண்டால் என்ன என்று அவர்கள் இருந்திருந்தால் இன்று நான் இந்தக் கட்டுரையை இவ்வளவு சுயேச்சையாக எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். மறு உலக நம்பிக்கை இந்த உலகத்து அநியாயத்துக்குத் தாலாட்டுப் பாடுகிறது என்று விரோதிகள் சொல்லுகிற குற்றச்சாட்டு இந்த ஒரு பக்கத்தில் ருசுவாகிவிடுகிறது என்று நினைத்தேன்.

ஆனால் அதற்கு முந்தின பாகத்திலேயே அவர் இதற்கு நேர் எதிரானதைச் சொல்லியிருக்கிறார். பிடிபட்ட கடல் கொள்ளைக்காரன் ஒருவன் மகா அலெக்சாண்டரிடம் பேசும் கதை அது. நீ உலகத்தையே மிரட்டுகிறாய். உனக்குப் பெரிய கப்பல் படை இருப்பதால் சக்கரவர்த்தி என்கிறார்கள். எனக்கு ஒரே படகு இருப்பதால் திருடன் என்கிறார்கள் என்பது கொள்ளைக்காரனின் பதில். நீதி போய்விட்டால் ராஜ்யத்துக்கும் கொள்ளைக் கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று அகஸ்டின் முடிக்கிறார். ரோம சாம்ராஜ்யத்தின் பிரஜை, ரோம் விழுந்து சில வருஷத்துக்குள் இதை எழுதுகிறார். தாலாட்டுப் பாடுகிறவர் இப்படித் தூக்கத்தைக் கெடுப்பாரா?

இந்த இரண்டுக்கும் எப்படிப் பொருத்தம் என்று பத்தொன்பதாம் பாகம் வரும் வரையில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பாகத்துக்காக இந்த நூல் முழுவதையும் மன்னிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அதில் ஒரு நீதிபதி வருகிறான். பெயர் இல்லாத நீதிபதி. அந்தக் காலத்துச் சட்டப்படி உண்மையைத் தெரிந்துகொள்ளச் சாட்சியைச் சித்திரவதை செய்கிறான். குற்றமற்றவன் வலி தாங்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தூக்குக்குப் போகிறான்; நீதிபதிக்கு அப்போதும் உண்மை தெரியாது. இந்த நாற்காலியில் ஒரு ஞானி உட்காருவானா என்று கேட்கிறார் அகஸ்டின். உட்காருவான் என்று அவரே பதில் சொல்லுகிறார். மனித சமூகம் அவனைக் கூப்பிடுகிறது. அதைக் கைவிடுவது தர்மம் அல்ல. ஆனால் அவன் தன் கை சுத்தம் என்று சந்தோஷப்படமாட்டான். இந்த நிர்ப்பந்தங்களிலிருந்து என்னை விடுவி என்று கடவுளிடம் கதறுவான். ஒரு நல்ல நாவலுக்கு வேண்டிய மனிதன் இந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறான். சித்திரவதையை ஒழிக்கவேண்டும் என்று அகஸ்டின் சொல்லவில்லையே என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் அதிகாரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹிப்போவில் அவரே தினந்தோறும் காலை வேளைகளில் உட்கார்ந்து ஜனங்களின் சொத்து வழக்குகளைத் தீர்த்துவைத்தவர்.

அதே பாகத்தில் பாபிலோன் வருகிறது. எருசலேம் இடிந்து, யூதர்கள் சிறைப்பட்டுப் பாபிலோனில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி கடிதம் எழுதுகிறார்: நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் நலனுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள். தன் ஊரை இடித்தவனின் ஊருக்காகப் பிரார்த்தனை! அகஸ்டின் இதைத் தன் கொள்கைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். இந்த உலகத்து அமைதி கடைசி அமைதி அல்ல, ஆனால் அமைதிதான். அதைப் பரதேசியும் அனுபவிக்கிறான். ஆகவே அதைக் காப்பாற்றுவதில் அவனுக்கும் பங்கு உண்டு. ஒரு தேசம் எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் அது எதை விரும்புகிறது என்று பார் என்றும் இங்கேதான் சொல்லுகிறார். தேசத்தின் ஏற்ற இறக்கத்தைக் கஜானாவைக் கொண்டும் எல்லைக்கோட்டைக் கொண்டும் அளக்கிற நம் சிநேகிதருக்கு இது ஒரு புது அளவுகோல்.

இத்தனையும் சொன்னவர் தன் சொந்த மாகாணத்தில் என்ன செய்தார் என்று கேட்காமல் விமரிசனம் முடியாது. ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் அப்போது இரண்டாகப் பிளந்திருந்தார்கள். டொனாட்டஸ் கட்சியார் என்ற பிரிவை ஒடுக்க அரசாங்கம் 405இல் ஆணை போட்டது. 411இல் கார்த்தேஜில் இரு தரப்புப் பிஷப்புகளையும் கூட்டி விசாரித்து, 412இல் அபராதம் விதித்துக் கோவில்களைப் பறித்தது. முதலில் பலாத்காரம் வேண்டாம் என்றிருந்த அகஸ்டின், பிறகு மனம் மாறி அரசாங்கத்தின் கையை ஆதரித்தார். கட்டாயப்படுத்தி உள்ளே அழைத்துவா என்று ஓர் உவமைக் கதையில் எஜமான் சொல்லும் வார்த்தையை இதற்குச் சான்றாகக் காட்டினார். ராஜ்யங்களைக் கொள்ளைக் கூட்டம் என்று எழுதிய அதே பேனா! பிற்காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரைக் கட்டாயப்படுத்த இந்த வாதத்தைக் கடன் வாங்கினார்கள். அவர் தன் புஸ்தகத்தை மறந்த இடம் இது என்றுதான் சொல்வேன். கடவுளின் நகரத்தை எந்த ராஜ்யமும் தாங்கிப்பிடிக்கவில்லை என்று தெரிந்தவர், தன் சபைக்கு மட்டும் ராஜ்யத்தின் தோளைத் தேடினார்.

ஆனால் அவருடைய கடைசி வருஷங்கள் அவரை மீண்டும் புஸ்தகத்தினிடம் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. போனிபேஸ் என்ற தளபதி, மனைவி இறந்ததும் துறவு பூண விரும்பினார். எந்தப் பிஷப்பும் ஆசீர்வதித்து அனுப்பியிருப்பார். அகஸ்டின் வேண்டாம் என்றார். எல்லையில் ஜனங்களைக் காப்பாற்றும் வேலை உனக்கு இருக்கிறது, அதைச் செய் என்று திருப்பி அனுப்பினார். யார் ஆண்டால் என்ன என்று எழுதினவர்தான் இதையும் சொன்னார்.

இன்னொரு சம்பவம் நமக்குத் தெரியவந்தது அண்மையில்தான். அகஸ்டினின் கடிதங்களில் யாரும் அறியாதிருந்த சிலவற்றை யோஹானஸ் திவ்யாக் என்ற அறிஞர் கண்டுபிடித்து 1981இல் பதிப்பித்தார். அதில் ஒரு கடிதம் அடிமை வியாபாரிகளைப் பற்றியது. ஆட்சி தளர்ந்த ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திருடிக் கொண்டுவந்து, ஹிப்போத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிக் கடலுக்கு அப்பால் விற்றார்கள். பிஷப் ஊரில் இல்லாத சமயம், அவருடைய சபை ஜனங்கள் போய்ச் சுமார் 120 பேரை விடுவித்தார்கள். விசாரித்தால் அவர்களில் பெற்றோரே விற்றவர்கள் ஐந்தாறு பேர். மற்ற எல்லோரும் கடத்திவரப்பட்டவர்கள். வியாபாரிகளுக்குப் பெரிய இடத்து ஆதரவு இருந்தது. விடுவித்தவர்கள் மீதே வழக்குப் போட்டார்கள். கிழவர் இத்தாலியில் இருந்த தன் சிநேகிதருக்கு எழுதுகிறார்: இந்த வியாபாரத்தைத் தடுக்கும் சட்டத்தை அமல் நடத்தும்படி பெரியவர்களிடம் சொல்லு. ஆனால் அந்தச் சட்டம் வியாபாரிகளுக்கு விதிக்கும் ஈயம் வைத்த சவுக்கடி வேண்டாம், செத்துப்போவார்கள் என்கிறார். அடிமைத்தனத்தைப் பாவத்தின் தண்டனை என்று பத்தொன்பதாம் பாகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டவர் அவர். எழுத்தில் தாண்டாத கோட்டை ஜீவியத்தில் பாதி தாண்டியிருக்கிறார்.

429இல் வாண்டல் இனத்தார் ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் இறங்கினார்கள். ஊர் ஊராக விழுந்தது. ஹொனராட்டஸ் என்ற பிஷப், நாங்கள் ஓடலாமா என்று கேட்டு எழுதினார். அகஸ்டினின் பதிலை அவர் சீடர் பொசிடியஸ் முழுவதும் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஜனங்கள் எல்லோரும் போய்விட்டால் நீயும் போகலாம். உன்னை மட்டும் தேடுகிறார்கள், உன் வேலையைச் செய்ய வேறு ஆள் இருக்கிறது என்றால் போகலாம். ஆனால் ஆபத்து எல்லோருக்கும் பொது என்கிறபோது, ஓட வழியில்லாத ஜனங்களை விட்டுவிட்டு ஓடாதே. யார் போவது யார் இருப்பது என்று முடிவாகாவிட்டால் சீட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் பதிலின் சாரம். சொர்க்கத்தைப் பற்றிய வர்ணனை அல்ல, சீட்டுப் போடுகிற யோசனை! அந்த நம்பிக்கையின் எடை எவ்வளவு என்று எனக்கு இந்த ஒரு விவரம் காட்டிவிட்டது.

430இல் வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டார்கள். உள்ளே நின்று ஊரைக் காத்தவர் அதே போனிபேஸ். முற்றுகையின் மூன்றாம் மாதம் அகஸ்டின் காய்ச்சலில் படுத்தார். பாவத்துக்கு வருந்தும் சங்கீதங்கள் சிலவற்றைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லி, படுத்தபடியே படித்து அழுதார். ஆகஸ்டு 28ஆம் தேதி, 75ஆம் வயசில் இறந்தார். அதற்கு முன் ஊர்கள் எரிகிற செய்தி வந்துகொண்டிருந்த நாட்களில், ஓர் அறிஞரின் வாக்கைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார் என்கிறார் பொசிடியஸ். மரமும் கல்லும் விழுவதையும் சாகப்பிறந்தவர்கள் சாவதையும் பெரிதாக நினைப்பவன் பெரியவன் அல்ல என்ற பொருளுடைய வாக்கு. அது வேத வாக்கு அல்ல. கிறிஸ்தவரே அல்லாத பிளாட்டினஸ் என்ற தத்துவ ஞானியின் கருத்து. பத்துப் பாகங்கள் முழுக்கப் பழைய மதத்தாரோடு வாதாடியவருக்குக் கடைசி இரவுகளில் அவர்களுடைய வீட்டுத் தண்ணீரும் இறங்கியிருக்கிறது. இது அவருக்குப் பெருமை என்றே எனக்குப் படுகிறது.

இனி, விரல் மடக்கும் விஷயம். உலகம் எப்போது முடியும் என்று அகஸ்டினுடைய காலத்திலும் கணக்குப் போட்டார்கள். ஹெசிகியஸ் என்ற பிஷப் அவரிடமே கேட்டு எழுதினார். அருகில் என்றும் சொல்லமாட்டேன், தூரம் என்றும் சொல்லமாட்டேன்; வருகிறவரை விரும்புகிறவன் காத்திருப்பான் என்பது அவர் பதில். இந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம் என்று கிறிஸ்து சொன்ன வார்த்தை, எண்ணுகிறவர்களின் மடக்கிய விரல்களை எல்லாம் பிரித்துவிட்டது என்று பதினெட்டாம் பாகத்தில் எழுதுகிறார். ரோமின் வீழ்ச்சியைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தபோது, பிஷப் ரோமைப் பற்றிப் பேசாமல் இருந்தால் தேவலை என்று சிலர் முணுமுணுத்தார்களாம். நான் குத்திக்காட்டவில்லை, மன்றாடுகிறேன் என்று அவர் மேடையிலேயே பதில் சொல்ல நேர்ந்தது. நாசத்தைப் பேசுகிறவன் முகத்தில் திருப்தி தெரியக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசிப் பாகத்தில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. மறுமை வாழ்வைப் பற்றிச் சொல்ல வந்த கிழவர், பாதி வழியில் இந்த உலகத்தின் அழகுகளைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார். வெளிச்சம், மர நிழல், பூ வாசனை, பறவைகளின் நிறம், புடவை மாற்றுவதுபோல நிறம் மாற்றும் கடல். திமிங்கிலத்தின் உடம்பைவிட எறும்பும் தேனீயும் செய்கிற வேலை தனக்கு அதிக வியப்பைத் தருகிறது என்கிறார். இந்த உலகம் போனால் போகட்டும் என்று இருப்பவன் எறும்பைக் குனிந்து பார்க்கமாட்டான்.

இதை எல்லாம் நம் ஆசிரியரிடம் சொன்னேன். விரலைப் பிரிக்கச் சொன்ன இடத்தைக் காட்டினேன். புஸ்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். எழுத்து பொடியாக இருக்கிறது என்று ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல் பத்திரிகை, வழக்கம்போல் விரல்கள். எனக்குச் சிறிது ஏமாற்றம்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாத மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. நான் என் புஸ்தகங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தபோது, ஆசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோடி வீட்டில் கால் விளங்காமல் கிடந்த கிழவியை இரண்டு பையன்களின் உதவியோடு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தார். என் பரண் வேலை பாதியில் நின்றது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.